பின்னால் உட்கார்ந்தவள்

கேளம்பாக்கத்தில் ஓஎம்ஆரை விட்டுக் கோவளம் சாலையில் திரும்பினால் கொஞ்ச தூரத்தில் உப்பளங்கள் வந்துவிடும். அவற்றைக் கடந்து ஈசிஆரில் ஏறி, வடக்கே முட்டுக்காட்டுப் பாலத்தைத் தாண்டினால் தட்சிணசித்ரா. பழைய தென்னிந்திய வீடுகளைப் பெயர்த்துக்கொண்டுவந்து மறுபடியும் கட்டிவைத்திருக்கிற அந்த அருங்காட்சியகம் 1996இல் திறக்கப்பட்டது. அங்கே அய்யனாருக்கும் ஓர் இடம் உண்டு. சுட்ட மண் குதிரைகள் கண்ணை விழித்துக்கொண்டு நிற்கும்.

சில ஆண்டுகளுக்கு முன் கல்லூரி மாணவிகள் சிலரோடு அங்கே போயிருந்தேன். அய்யனார் இரவில் குதிரை ஏறி ஊர் எல்லையைச் சுற்றி வருவார், கூடவே நாய் ஓடும், அவருக்குப் பூரணை, புஷ்கலை என்று இரண்டு மனைவியர் என்று சொல்லிக்கொண்டிருந்தேன். ஒருத்தி கேட்டாள்: “அவங்க ரெண்டு பேரும் எதுல வருவாங்க, மேடம்?”

மற்றவர்கள் சிரித்தார்கள். கேள்வி என்னவோ சரியான கேள்விதான். பூரணையும் புஷ்கலையும் எதிலும் வருவதில்லை. கோயிலுக்குள் அவருக்கு இருபுறமும் அமர்ந்திருப்பார்கள். அவர் காவலுக்குப் போகிற இரவில் குதிரைக்கு வேலை உண்டு, நாய்க்கு வேலை உண்டு. மனைவியருக்கு இல்லை.

குதிரையும் நாயும் மனிதனும் சேர்ந்த உருவங்களை உலகம் முழுவதும் மண்ணிலும் கல்லிலும் செய்திருக்கிறார்கள். ஆனால் பணமும் அதிகாரமும் உள்ளவர்கள் இந்த உருவத்துக்காகத் தேடிப் போன பொருள் வெண்கலம். அந்த வெண்கலத்தில் பெண் எங்கே உட்கார்ந்தாள், எங்கே உட்கார விடப்படவில்லை, அதை வார்த்த கை யாருடையது என்று பார்ப்பதே இந்தக் கட்டுரையின் வேலை.

இதே ஈசிஆரில் வடக்கே போய்க்கொண்டே இருந்து நகரத்துக்குள் நுழைந்தால், தீவுத்திடலுக்குப் பக்கத்தில் சென்னையின் மிகப் பிரபலமான வெண்கலக் குதிரை நிற்கிறது. அதன் மேல் சர் தாமஸ் மன்றோ. 1820 முதல் 1827 வரை மதராஸ் மாகாணத்தின் ஆளுநர். நிலவரியை விவசாயியிடமிருந்து நேராக வசூலிக்கிற ரயத்துவாரி முறையோடு சேர்த்துச் சொல்லப்படும் பெயர். சுற்றுப்பயணத்தில் பத்திகொண்டாவில் காலரா கண்டு இறந்தார். இங்கிலாந்தில் பிரான்சிஸ் சாண்ட்ரி செய்த சிலை, 1839இல் இங்கே திறக்கப்பட்டது.

இந்தச் சிலையைப் பற்றிச் சென்னைக்காரர்கள் தவறாமல் சொல்லும் கதை ஒன்று உண்டு. குதிரைக்குச் சேணம் இல்லை, கால் வைக்க அங்கவடி இல்லை. சிற்பி மறந்துபோனார், பிறகு தெரிந்ததும் அவமானத்தில் தற்கொலை செய்துகொண்டார் என்பது கதை. சாண்ட்ரி மறக்கவில்லை. லண்டன் டிராஃபால்கர் சதுக்கத்தில் நான்காம் ஜார்ஜ் மன்னருக்கு அவர் செய்த குதிரைக்கும் சேணமும் அங்கவடியும் கிடையாது. வெலிங்டனுக்குச் செய்ததிலும் இல்லை. பழைய ரோமானியக் குதிரைவீரர்களைப் போலத் தன் ஆட்களும் தெரியவேண்டும் என்பது அவர் எண்ணம். சேணம் இல்லாமல், கால் எதையும் பற்றாமல், நிமிர்ந்து உட்கார்ந்து நாட்டை ஆளக்கூடியவன் என்பதை அந்த வெறும் முதுகு சொல்கிறது.

ஏறக்குறைய இருநூறு ஆண்டுகளாக இந்த ஊர் அங்கவடியைத்தான் தேடிக்கொண்டிருக்கிறது. இந்த நகரத்தின் பெண் சிலைகள் எங்கே நிற்கின்றன என்று பார்த்தால் வேறொன்று புரியும். 1968 உலகத் தமிழ் மாநாட்டையொட்டி மெரினாவில் வைக்கப்பட்ட கண்ணகி தரையில் கால் ஊன்றிச் சிலம்பை உயர்த்தி நிற்கிறாள். அவ்வையாரும் நிற்கிறார். கண்ணகியை 2001இல் எடுத்தார்கள், 2006இல் திரும்ப வைத்தார்கள். மன்றோவை யாரும் அசைக்கவில்லை. அதே கடற்கரையில் தேவி பிரசாத் ராய் சௌத்ரி செய்த உழைப்பாளர் சிலையில் பாறையைப் புரட்டும் நால்வரும் ஆண்கள். ஓஎம்ஆரில் நாளெல்லாம் எழும்பும் கட்டடங்களில் கல்லும் கலவையும் சுமக்கிற பெண்களைப் பார்த்த கண்ணுக்கு அது உறுத்தாமல் போகாது.

குதிரைக்கு ஏன் இவ்வளவு மதிப்பு? தமிழ்நாட்டில் அது வெளியூர்ப் பண்டம். மாட்டைப் போல வீட்டில் பிறந்து வளர்வது அல்ல. நீர்ப்பெயற்று என்ற துறைமுகத்துக்குக் கப்பலில் குதிரைகள் வந்ததைப் பெரும்பாணாற்றுப்படை சொல்கிறது. அது மாமல்லபுரம்தான் என்று கருதுகிறவர்கள் உண்டு. அப்படியென்றால் கேளம்பாக்கத்துக்குத் தெற்கே உள்ள இதே கரை. 13ஆம் நூற்றாண்டில் பாண்டிய நாட்டுக்கு வந்த மார்க்கோ போலோ, மன்னர்கள் ஆண்டுதோறும் ஆயிரக்கணக்கில் குதிரை வாங்குவதையும், கவனிக்கத் தெரியாததால் அவற்றில் பெரும்பாலானவை செத்துப்போவதையும் எழுதியிருக்கிறார். கருவூலத்தின் பெரும்பகுதி குதிரைக்குப் போயிற்று. ஆகவே குதிரை என்றால் அரசு, படை, வரி. ஸ்ரீரங்கம் சேஷராயர் மண்டபத்துத் தூண்களில் முன்னங்கால் தூக்கிப் பாயும் கல் குதிரைகளைப் பார்த்து நாம் வியக்கிறோம். அவை விஜயநகரக் காலத்துப் படை அணிவகுப்பு.

அய்யனாரின் குதிரை மண்ணால் ஆனது என்பதை இந்த இடத்தில் நினைத்துப் பார்க்கலாம். நிஜக் குதிரையை ஒருநாளும் வாங்கமுடியாத ஊர், நேர்த்திக்கடனாக மண் குதிரை செய்து வைத்தது. பிள்ளை வேண்டி, நோய் தீர, மழை வர. புதுக்கோட்டை, சிவகங்கைப் பக்கத்துப் புரவியெடுப்பில் ஊரே அதைத் தோளில் சுமக்கும். அரசன் குதிரை ஊரை மிதிக்க வரும். அய்யனார் குதிரை ஊரைக் காக்க நிற்கும். சாதி வரிசையும் மரியாதைச் சண்டையும் புரவியெடுப்பிலும் உண்டு, இல்லை என்று சொல்லமாட்டேன். ஆனாலும் மழை பெய்து கரைந்து உடைந்து மறுபடி செய்யப்படுகிற குதிரைக்கும், பீடத்தின் மேல் அசையாமல் நிற்கிற குதிரைக்கும் வேறுபாடு இருக்கிறது.

நாயின் கதை வேறு மாதிரி. அது விலை கொடுத்து வாங்கிய விலங்கு அல்ல, வாசலில் கிடப்பது. திருவண்ணாமலை மாவட்டம் எடுத்தனூரில் ஒரு நடுகல் இருக்கிறது. மகேந்திரவர்ம பல்லவனின் 34ஆம் ஆட்சியாண்டைச் சேர்ந்தது, 7ஆம் நூற்றாண்டு. எருமைகளைக் காக்கும் சண்டையில் இறந்த கருந்தேவக்கத்தி என்ற வீரனுக்கு எடுத்த கல். அவன் பக்கத்தில் நாயும் செதுக்கப்பட்டிருக்கிறது. நாயின் பெயர் கோவிவன். இரண்டு கள்ளர்களைக் கடித்து அவன் அருகே காவல் இருந்தது என்று எழுத்து சொல்கிறது. நாய்க்குப் பெயர் வைத்துக் கல்லில் வெட்டிய அந்த அன்பு என்னை ஒவ்வொரு முறையும் அசைத்துவிடும். கூடவே இன்னொன்றும் தோன்றும். அந்த எழுத்தில் அவன் வீட்டுப் பெண்களில் ஒருத்தியின் பெயரும் இல்லை.

ஐரோப்பாவில் இடைக்காலக் கல்லறைச் சிற்பங்களில் வீரனின் காலடியில் சிங்கத்தையும் அவன் மனைவியின் காலடியில் சின்ன நாயையும் வைப்பது பெருவழக்கு. சிங்கம் அவன் வீரம், நாய் அவள் விசுவாசம். எஜமானனை நம்பிக் காலடியில் கிடப்பதை நாயிடமும் மனைவியிடமும் ஒரேபோல எதிர்பார்த்தார்கள் என்பதற்கு இதைவிட வெளிப்படையான சான்று வேண்டாம். நம் ஊரில் பதிவிரதைக்கு இப்படி நேராக நாயை வைத்துக் காட்டவில்லை. பைரவருக்குத்தான் நாய்.

குதிரை, நாய், ஆண், பெண் நால்வரும் ஒரே வார்ப்பில் சேர்ந்திருப்பதைப் பார்க்க வேண்டுமானால் மகாராஷ்டிரத்துக்குப் போகவேண்டும். அங்கே கண்டோபா என்று ஒரு தெய்வம். கர்நாடகத்தில் மைலாரர், தெலுங்கு நாட்டில் மல்லண்ணா. புனேவுக்குப் பக்கத்தில் ஜெஜூரி மலை அவரது பெரிய தலம். குதிரை மேல் வருவார், வாள் ஏந்தியிருப்பார், மணி, மல்லன் என்ற அசுரர்களை அழித்தவர், நாய் கூடவே இருக்கும். ஏறக்குறைய நம் அய்யனாரின் வடக்கத்திய உறவினர் என்றே சொல்லலாம். ஒரு வேறுபாடு, இவர் மனைவி மாள்சா இவரோடு அதே குதிரையில் ஏறுகிறாள்.

கடந்த சில நூற்றாண்டுகளில் வெண்கலத்திலும் பித்தளையிலும் இந்த உருவத்தைக் கையடக்கமாக ஏராளமாக வார்த்திருக்கிறார்கள். வீட்டுப் பூஜை மாடத்துக்கானவை. வெள்ளித் தகட்டில் தட்டிச் செய்ததும் உண்டு. சில வார்ப்புகளில் மாள்சா கணவனின் பின்னால் உட்கார்ந்திருப்பாள், அவனைவிடச் சின்னதாக, ஒரு மூட்டையைப் போல. கீழே குதிரையின் கால்களுக்கிடையில் நாய். இருபதாம் நூற்றாண்டு காலண்டர் படங்களுக்கு வந்தால் காட்சி மாறிவிடுகிறது. வெள்ளைக் குதிரையில் மாள்சா முன்னால் உட்கார்ந்திருக்கிறாள், அவள் கையில் ஈட்டி, அது அசுரன் மார்பில் பாய்கிறது, நாய் அவன் தொடையைக் கடிக்கிறது. கதையில் அவள் போரிடுகிறவள்தான். கதையில் இருக்கும் ஈட்டியை எல்லா வார்ப்பாளர்களும் அவள் கையில் கொடுத்துவிடவில்லை.

இன்னொரு மனைவியும் இருக்கிறாள். பாணாயி, ஆடு மேய்க்கும் தங்கர் குலத்தவள். மாள்சா லிங்காயத்து வணிகக் குடும்பத்துப் பெண். கண்டோபா பாணாயியைக் காதலித்து, அவள் வீட்டில் வேலைக்காரனாக இருந்து மணந்துகொண்டு வருகிறார். தெய்வானையையும் வள்ளியையும் அறிந்த நமக்கு இந்தக் கதையை விளக்கத் தேவையில்லை. ஜெஜூரியில் பாணாயியின் கோயில் மலை உச்சியில் அல்ல, பாதி வழியில் இருக்கிறது. குதிரையில் மூத்தவளுக்கு இடம் கிடைத்தது. மேய்ச்சல்காரிக்குப் படிக்கட்டின் நடுவில் இடம் கிடைத்தது. சாதி எங்கே உட்கார்ந்திருக்கிறது என்பதைப் பெண்ணை வைத்தே சொல்லிவிடலாம்.

இதுவரை சொன்னது உருவங்களைப் பற்றி. உருவத்துக்கு வெளியே உயிருள்ள மனிதர்களும் இந்தக் காட்சிக்குள் இழுக்கப்பட்டார்கள். கண்டோபாவுக்கு நேர்ந்துவிடப்பட்ட ஆண்கள் வாக்யா எனப்பட்டார்கள். அவர்கள் கடவுளின் நாய்கள். நாயைப் போலக் குரைத்து, கிண்ணத்தில் பிச்சை வாங்கிச் சாப்பிடுவது அவர்களின் சடங்கு. நேர்ந்துவிடப்பட்ட பெண்கள் முரளி எனப்பட்டார்கள். சிறு வயதிலேயே மஞ்சள் தூவி கடவுளுக்குக் கட்டிவைக்கப்பட்டவர்கள். அவர்கள் கடவுளின் மனைவிகள். பெரும்பாலும் தலித் குடும்பங்களின் பெண் குழந்தைகள்.

வெண்கலத்தில் இருந்த நாயும் மனைவியும் இப்படி மனித உடம்பில் வந்து நின்றார்கள். ஆனால் இரண்டும் ஒன்றல்ல. வாக்யா குரைத்துவிட்டு வீட்டுக்குப் போய் மனைவி மக்களோடு இருக்கலாம். முரளிக்குக் கடவுளைத் தவிரக் கணவன் இல்லை. ஆகவே ஊரில் யாரும் அவளை அணுகலாம் என்று ஆயிற்று. குதிரையின் பின்னால் ஓர் ஓரத்தில் உட்காரக் கிடைத்த இடமும் அவளுக்கு இல்லை.

புனேவில் சிவராம் ஜான்பா காம்ப்ளே இந்த வழக்கத்தை எதிர்த்து எழுதியும் பேசியும் வந்தார். சோமவம்சீய மித்ரா என்ற மராத்திப் பத்திரிகையை நடத்தினார். 1909இல் அந்தப் பத்திரிகையில் ஷிவுபாய் லக்ஷ்மண் ஜாதவ் சுபேகர் என்ற முரளி எழுதிய கடிதம் வெளிவந்தது. தேவனுக்குக் கொடுக்கப்பட்ட பெண்களின் நிலையை அவர்களில் ஒருத்தியே எழுதினாள். தலித் பெண்களின் எழுத்து வரலாற்றைச் சொல்கிறவர்கள் இந்தக் கடிதத்தைத் தொடக்கத்திலேயே வைக்கிறார்கள். கண்டோபாவின் பித்தளை உருவங்களைப் பற்றிய அருங்காட்சியகக் குறிப்புகளில் எடையும் உயரமும் நூற்றாண்டும் இருக்கும். அவற்றோடு இந்தக் கடிதத்தையும் சேர்த்து வைத்துப் படித்தால்தான் அந்த உருவம் முழுதாகத் தெரியும் என்பது என் கருத்து. 1934இல் பம்பாய் மாகாணத்திலும் 1947இல் சென்னை மாகாணத்திலும் பெண்களை நேர்ந்துவிடுவதைத் தடுக்கும் சட்டங்கள் வந்தன. இங்கே மூவலூர் ராமாமிர்தம் அம்மையாரும் முத்துலட்சுமி ரெட்டியும் அதற்காக என்னென்ன வசைகளைக் கேட்டார்கள் என்பது நம் வாசகிகளுக்குத் தெரிந்த வரலாறு.

நாயோடு குதிரையில் வேட்டைக்குப் போகும் இன்னொரு தெய்வம் ரேவந்தன். சூரியனின் மகன். பீகார், வங்காளப் பகுதிகளில் பால மன்னர் காலத்துச் சிற்பங்கள் நிறைய. குதிரை மேல் பூட்ஸ் காலோடு அவன், தலைக்கு மேல் குடை பிடிக்க ஒருவன், கீழே வேட்டை நாய், பின்னால் வேட்டைக்கூட்டம். ஆளும் வர்க்கத்தின் உல்லாசப் படம். ஆனால் இவன் பிறந்த கதையைக் கேளுங்கள். சூரியனின் மனைவி சஞ்ஞாவால் கணவனின் வெப்பத்தைத் தாங்க முடியவில்லை. தன் நிழலான சாயாவை வீட்டில் வைத்துவிட்டு வெளியேறி, பெண் குதிரையாக உருமாறிக் காட்டில் திரிந்தாள். அவன் ஆண் குதிரையாக மாறித் தேடி வந்தான். அதன் பிறகு பிறந்தவர்கள் அசுவினி தேவர்களும் ரேவந்தனும். நம் வீடுகளில் சனி பகவானின் தாய் என்று சாயாவைத் தெரியும். வீட்டை விட்டுப் போன சஞ்ஞாவை அதிகம் பேசமாட்டார்கள். புராணத்தில் ஒரு பெண் குதிரையாக மாறியது தப்பித்து ஓடுவதற்காக. அவள் மகன் சிற்பத்தில் குதிரை ஏறியதோ துரத்திப் பிடிப்பதற்காக.

அப்படியானால் பெண் தனியாகக் குதிரை ஏறியதே இல்லையா? இருக்கிறாள், கன்னியாகுமரியில். விஜயதசமியன்று பகவதி அம்மன் வெள்ளிக் குதிரை வாகனத்தில் மகாதானபுரத்துக்குப் புறப்பட்டுப் போகிறாள். பரிவேட்டை என்று பெயர். பாணாசுரனை அம்பெய்து வீழ்த்துவது அன்றைய சடங்கு. பொதுவாக இப்படிப்பட்ட வாகனம் மரத்தால் செய்து மேலே உலோகத் தகடு போர்த்தியது. அதன் மேல் எழுந்தருளும் உற்சவத் திருமேனி உலோக வார்ப்பு. பின்னால் யாரும் இல்லை, முன்னாலும் இல்லை. கடிவாளம் அவளுடையது.

ஏன் இவளுக்கு மட்டும்? சுசீந்திரத்துத் தாணுமாலயனோடு நடக்கவிருந்த இவள் திருமணம் நின்றுபோயிற்று. கன்னியால்தான் பாணாசுரனுக்குச் சாவு என்பதால் அதை நிற்கச் செய்தார்கள் என்பது தலபுராணம். ஆகக் கல்யாணம் நடந்திருந்தால் அந்தக் குதிரை இல்லை. மற்ற ஊர்களிலும் நவராத்திரியில் அம்மன் குதிரை ஏறுவதுண்டு. அந்த நாட்களில் அவள் யாருடைய மனைவியாகவும் அல்ல, போர்க்கோலத்தில் இருக்கிறாள். பூரணையும் புஷ்கலையும் இருபுறம், மாள்சா பின்னால், பகவதி தனியாக. பெண் குதிரையில் எங்கே உட்காரலாம் என்பதைத் தாலிதான் முடிவு செய்திருக்கிறது என்று படிக்க இடம் இருக்கிறது.

தெய்வங்களை விட்டுவிட்டு மனுஷிகளுக்கு வந்தால், ஏறிய பிறகும் எப்படி உட்காரவேண்டும் என்பதற்கு ஒரு விதி இருந்தது. வெள்ளைக்காரர்கள் ஊட்டியில் இங்கிலாந்திலிருந்து வேட்டை நாய்களைக் கொண்டுவந்து, நரிக்குப் பதிலாகக் குள்ளநரியைத் துரத்தினார்கள். தோடர்களின் எருமைகள் மேய்ந்த புல்வெளியில் குதிரையும் நாயும் பாய்ந்தன. அந்தக் காலத்துச் சீமாட்டிகள் வேட்டைக்கு வந்தார்கள், ஆனால் இரண்டு காலையும் ஒரே பக்கம் போட்டு ஒருக்களித்து உட்காரும் சேணத்தில். காலை அகட்டி உட்கார்ந்தால் மானக்கேடு. நம் ஊரில் புடவை கட்டி பைக்கின் பின்சீட்டில் ஒருக்களித்து உட்கார்ந்து போன தலைமுறைக்கு இது விளங்கும். ஒரு கை கம்பியில், ஒரு கை குழந்தையின் மேல், பிடிமானம் முழுக்க ஓட்டுகிறவனிடம். இன்று கேளம்பாக்கத்திலிருந்து சிறுசேரிக்கு ஸ்கூட்டியில் வேலைக்குப் போகிற பெண்கள் அந்த இருக்கையை எப்போதோ விட்டுவிட்டார்கள்.

இனி, செய்த கைகள். மண் குதிரையை வேளார் செய்கிறார்கள். களிமண்ணை வெட்டி, உலர்த்தி, கல் பொறுக்கி, சலித்து, மிதித்துப் பக்குவப்படுத்துவதில் அந்த வீட்டுப் பெண்களின் உழைப்பு பெரும் பகுதி. சக்கரத்தில் மட்டும் பெண் கை வைக்கக்கூடாது என்ற வழக்கம் இந்தியாவின் பல குயவர் சமூகங்களில் இருந்தது. மண் பிசைந்தவள் பெயர் குதிரையில் இல்லை. சுவாமிமலையில் தேன்மெழுகும் குங்கிலியமும் கலந்து உருவம் செய்து, அதன் மேல் காவிரி வண்டலைப் பூசி, சுட்டு, மெழுகு உருகி வழிந்த வெற்றிடத்தில் உலோகம் ஊற்றுகிறார்கள். அது தந்தையிடமிருந்து மகனுக்குப் போகும் தொழில். ஸ்தபதி என்ற சொல்லுக்கு நம் பேச்சில் பெண்பால் இல்லை.

ஐரோப்பாவிலும் நிலைமை ஒன்றும் மேல் இல்லை. ரோசா போனர் 1822இல் பிறந்த பிரெஞ்சு ஓவியர். குதிரைச் சந்தையை வரைவதற்காக ஒன்றரை ஆண்டு சந்தைக்குப் போய்வந்தார். பாவாடையோடு அந்த ஆண் கூட்டத்துக்குள் நுழைய முடியாது. பாரிஸில் பெண் கால்சட்டை போடக் காவல்துறையின் அனுமதிச் சீட்டு வேண்டும். அதை வாங்கி, ஆறு மாதத்துக்கு ஒருமுறை புதுப்பித்துக்கொண்டு, கால்சட்டையில் நடமாடினார். 1853இல் காட்சிக்கு வந்த அந்த ஓவியம் அவரை உலகப் புகழ் பெறவைத்தது. 1800இல் போட்ட அந்தக் கால்சட்டை உத்தரவு செல்லாது என்று பிரெஞ்சு அரசு வாய்விட்டுச் சொன்னது 2013இல்.

போனர் வெண்கலத்திலும் ஆடு, காளை என்று சின்ன உருவங்கள் செய்தவர். நன்றாகவே செய்தவர். அவருடைய தம்பி இசிதோர் விலங்குச் சிற்பியாகப் பெயர் பெற்றார். குதிரைகள், நாய்கள், சவாரிக்காரர்கள் என்று பணக்காரர் வீட்டு வரவேற்பறைகளுக்கு அவர் செய்த வெண்கலங்களை அவர்களின் தங்கை கணவர் பெய்ரோல் வார்த்துக் கொடுத்தார். தம்பியின் பெயர் தன் புகழில் மறைந்துவிடக்கூடாது என்று ரோசா சிற்பத்தை விட்டுவிட்டதாகச் சொல்வார்கள். உண்மையாகவே இருக்கலாம். அக்காக்கள் இதைச் செய்வார்கள் என்று நம்புவதற்கு நாம் பிரான்சுக்குப் போகவேண்டியதில்லை.

வெண்கலக் குதிரையை விட்டுக்கொடுக்காதவர் அன்னா ஹயட் ஹண்டிங்டன். 1876இல் அமெரிக்காவில் பிறந்தார். அப்பா தொல்லுயிர் ஆய்வாளர். மகள் நியூயார்க்கின் மிருகக்காட்சிசாலையில் விலங்குகளுக்கு முன்னால் மணிக்கணக்கில் உட்கார்ந்து உருவம் பிடித்தார். 1910இல் பாரிஸ் கண்காட்சிக்கு, குதிரை மேல் ஜோன் ஆஃப் ஆர்க்கின் சிலையைக் கொடுத்தார். சிறப்புக் குறிப்பு கிடைத்தது. அதற்கு மேல் பரிசு இல்லை. இவ்வளவு பெரிய குதிரைச் சிலையை ஒரு பெண் தனியாகச் செய்திருக்க முடியுமா என்று நடுவர்களுக்குச் சந்தேகம்.

1915இல் அந்த ஜோன் நியூயார்க்கில் ரிவர்சைட் டிரைவில் வெண்கலமாக எழுந்தாள். வரலாற்றில் வாழ்ந்த ஒரு பெண்ணுக்கு அந்த நகரம் வைத்த முதல் பொதுச் சிலை, அதைச் செய்தவரும் பெண். நிஜ ஜோன் 1431இல் எரிக்கப்பட்டபோது அவள் மேல் சுமத்தப்பட்ட குற்றங்களில் ஆண் உடை அணிந்ததும் ஒன்று. ஹண்டிங்டனின் ஜோன் கவசத்தோடு, காலை இருபுறமும் போட்டு, அங்கவடியில் ஊன்றி எழுந்து நின்று வாளை உயர்த்துகிறாள். மன்றோவுக்கு அங்கவடி தேவைப்படவில்லை, ஆட்சி ஏற்கெனவே அவர் காலடியில் இருந்தது. இவளுக்குத் தேவைப்பட்டது. எழுந்து நிற்க ஒரு பிடிமானம் வேண்டியிருந்தது.

ஹண்டிங்டன் பெரும் பணக்காரரை மணந்தவர். அந்த வசதி இல்லாமல் இத்தனை வெண்கலம் சாத்தியமில்லை, அதையும் சொல்லவேண்டும். கணவரோடு சேர்ந்து ஸ்காட்லாந்து மான்வேட்டை நாய்களை வளர்த்தார், அவற்றையும் சிற்பமாக்கினார். 80 வயதைத் தாண்டிய பிறகு கியூபக் கவிஞர் ஹோசே மார்த்தியின் குதிரைச் சிலையைச் செய்தார். அது நியூயார்க் சென்ட்ரல் பார்க்கில் நிற்கிறது. 1973இல் இறந்தார்.

கடைசியாக ஒரு குதிரை. 15ஆம் நூற்றாண்டின் இறுதியில் மிலானை ஆண்ட லுடோவிகோ ஸ்ஃபோர்ஸா, தன் தந்தைக்கு உலகிலேயே பெரிய குதிரைச் சிலை வைக்க விரும்பி லியோனார்டோ டா வின்சியிடம் வேலையைக் கொடுத்தார். 24 அடி உயரத்தில் களிமண் மாதிரி தயாரானது. அதற்கென்று சேர்த்த வெண்கலத்தை 1494இல் பீரங்கி செய்ய அனுப்பிவிட்டார்கள். 1499இல் மிலானைப் பிடித்த பிரெஞ்சு வில்லாளிகள் களிமண் குதிரையைக் குறிபார்த்துப் பழகினார்கள். குதிரை பொடிந்துபோயிற்று.

ஐந்நூறு ஆண்டுகள் கழித்து, 1999இல், அந்தக் குதிரைக்கு ஈடாக ஒன்று மிலானுக்கு வந்தது. சார்ல்ஸ் டெண்ட் என்ற அமெரிக்க விமானி தொடங்கி, தன் வாழ்நாளில் முடிக்க முடியாமல் போன முயற்சி. முடித்தவர் நீனா அகாமு, ஜப்பானிய வழிவந்த அமெரிக்கச் சிற்பி. லியோனார்டோவின் வரைபடங்களைப் பார்த்தார், ஆனால் நகல் எடுக்கவில்லை. குதிரையைத் தன் கைப்படப் புதிதாக உருவாக்கினார். அதே 24 அடி. சான் சீரோ குதிரைப் பந்தய மைதானத்துக்கு முன்னால், ஒரு முன்னங்காலைத் தூக்கி நிற்கிறது. அதன் மேல் ஸ்ஃபோர்ஸா இல்லை, வேறு யாரும் இல்லை. அதே அளவில் இன்னொன்றை அமெரிக்காவில் கிராண்ட் ராபிட்ஸ் நகரத்துத் தோட்டம் ஒன்றில் வைத்திருக்கிறார்கள்.